ஒரே ஒரு வழி இருக்கிறது, அதாவது

மாதம் பிறந்தால் தன் முகத்தைத் தானே அழிக்க வேண்டும். பலூன் என்கிற மனிதருக்கு அதுதான் உத்தியோகம். பொழுதுபோக்காகச் செய்திருந்தால் வீட்டில் யாராவது டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். சம்பளத்துக்குச் செய்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தொலைக்காட்சியில் ஓடும் விண்வெளித் தொடர் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் பத்திரிகை அது. அட்டையில் கேப்டன், நடுப்பக்கத்தில் கேப்டன், பின்னட்டையில் கேப்டன் தேய்த்துக் குளிக்கும் சோப்பு. உள்ளே கேப்டனாக நடிப்பவரின் பேட்டி, அவருடைய நாயின் பேட்டி, ‘நீங்கள் எந்தக் கிரகத்துக்காரர்?’ என்று ஒரு கேள்வித்தாள். இவ்வளவும் போட்ட பிறகும் காகிதம் மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் பழைய படக்கதையை மறுபதிப்புச் செய்தார்கள்.

தொடருக்கு இது இரண்டாம் பிறவி. முதல் பிறவியில் பலூனுக்கு மீசை அரும்பிய வயது. அப்போதும் இதே கேப்டன், இதே ரோந்துக் கப்பல், வேறு நடிகர். அப்போதும் ஒரு பத்திரிகை இருந்தது. அதில் வாராவாரம் படக்கதை வந்தது. கதையும் படமும் பலூனின் அக்கா. அவள் பெயரை அப்போதும் போடவில்லை, இப்போதும் போடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மறுபதிப்பு மூலத்துக்கு மிகவும் விசுவாசமாக இருந்தது.

அந்தக் காலத்தில் முதல் படம் அச்சுக்குப் போக வேண்டிய அன்றுவரை சானல்காரர்கள் நடிகரின் புகைப்படத்தை அனுப்பவில்லை. அக்கா பேனாவை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தியபோது எதிரே தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “டேய், முழுங்காத, அப்படியே இரு” என்றாள். அன்றிலிருந்து கேப்டனுக்குத் தம்பியின் முகம். வாயில் சோறு இருந்ததால் இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும். நடிகரின் புகைப்படம் பிறகு வந்து சேர்ந்தது. அதற்குள் வாசகர்கள் அந்தக் கன்னத்தில் ஒரு மன உறுதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே கேப்டன் கடைசிவரை முழுங்கவே இல்லை.

இப்போது அந்த முகம் உதவாது. புது நடிகருக்குக் கன்னமே கிடையாது, தாடைதான். பலூன் செய்ய வேண்டியது இதுதான்: பழைய இதழின் பக்கத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், கேப்டன் வரும் கட்டத்திலெல்லாம் கழுத்துக்கு மேலே அழிக்க வேண்டும், சானல் அனுப்பிய ‘அங்கீகரிக்கப்பட்ட முகங்கள்’ என்ற தாளிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்ட வேண்டும். தாளில் இருந்தவை மூன்று: சிரிப்பு, கோபம், யோசனை. பயம் இல்லை. கேப்டன் பயப்பட மாட்டார் என்று நடிகரின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததாம். எனவே எரிமலைக்குள் விழுந்துகொண்டிருந்த கேப்டனுக்குப் பலூன் ‘யோசனை’யை ஒட்டினார். எட்டுக்கால் ஜந்து விழுங்கும்போது ‘சிரிப்பு’. தாளில் வேறு வழி இல்லை.

முகம் தவிர பேச்சையும் மாற்ற வேண்டும். பாத்திரங்களின் தலைக்கு மேல் மிதக்கும் பழைய பேச்சு பலூன்களில் அக்கா நீளநீளமாக எழுதியிருந்தாள். இக்காலத்து வாசகருக்கு மூச்சு வாங்கும் என்று சுருக்கச் சொன்னார்கள். ஊரார் வாயில் வார்த்தை வைத்து வைத்தே அவருக்கு ஆபீசில் பலூன் என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த மேஜையில் பக்கம் அமைக்கும் பெண் ‘சார்’ சேர்த்துக் கூப்பிடுவாள்.

“பலூன் சார், இந்தப் பழைய மூஞ்சி யாருது? ஒரு பக்கம் பல்வலி வந்தவன் மாதிரி இருக்கான்.”

“யாரோ.”

“பாவம். இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அப்புறம் ஒரு சான்ஸும் கிடைச்சிருக்காது.”

“கிடைக்கல” என்றார் பலூன், அழிப்பதை நிறுத்தாமல். இத்தனை மாதமாக அவள் அவருக்குப் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இடது பக்கவாட்டில்.

வீட்டில் முன்னறை அக்காவுக்கு. ஜன்னலோரம் கட்டில், கட்டிலின் மேல் புத்தகம் சாய்த்துவைக்க ஒரு மரத்தாங்கி. அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால் “செவ்வாய்க்கிழமைக்குள்ள பக்கம் குடுக்கணும், அப்புறம் பாக்கலாம்” என்பாள். செவ்வாய்க்கிழமைகள் தீரவில்லை. பிறகு ஒருநாள் கோடு போடும்போது கை நடுங்கியது. கையிலிருந்து காலுக்குப் போனது. காலிலிருந்து நாக்குக்கு வரும் என்றார் டாக்டர். ஒவ்வொன்றாகப் போகும், மெதுவாகத்தான் போகும், அறிவு மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்றார். அந்தக் கடைசிச் செய்தியை ஆறுதலாகச் சொல்கிறாரா எச்சரிக்கையாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ‘யோசனை’தான் இருந்தது.

பலூனுக்கு அக்காவிடமிருந்து ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மீசை அரும்பிய காலத்திலிருந்து தெரிய வேண்டியிருந்தது.

பழைய தொடரைத் திடீரென்று நிறுத்தினார்கள்; கூடவே பத்திரிகையும் நின்றது. படக்கதையின் கடைசிக் கட்டம் இப்படி: கேப்டன் கப்பலுக்கு வெளியே, கயிறு அறுந்து, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பொட்டு மாதிரி மிதக்கிறான். உள்ளே துணைக் கேப்டன் கதவுப் பொத்தானில் கை வைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால் கப்பலுக்குள் காற்று போய்விடும். திறக்காவிட்டால் கேப்டன் போய்விடுவான். அவள் தலைக்கு மேலே பலூன்: ‘கேப்டன்! ஒரே ஒரு வழி இருக்கிறது! அதாவது...’

கீழே, மூலையில்: தொடரும்.

தொடரவில்லை. மற்றவர்களுக்கு அது நின்றுபோன ஒரு கதை. இவருக்குத் தன் முகத்தோடு ஒருவன் அந்தரத்தில் தொங்குகிற விவகாரம். வேலைக்குச் சேர்ந்தார், கல்யாணம் ஆயிற்று, முடி கொட்டிற்று. அவன் இறங்கவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, பல் தேய்க்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அவன் ஞாபகம் வரும். இன்னும் அங்கேயேதான் இருக்கிறான், பாவம், வாயில் சோற்றோடு.

“சொல்லேன்க்கா. அந்த ஒரு வழி என்ன?”

“கீழ என்ன போட்டிருக்கு?”

“தொடரும்னு.”

“அப்ப தொடரட்டும். நடுவுல சொன்னா அது கதை இல்லடா, வதந்தி.”

மறுபதிப்பு ஆரம்பித்தபோது மட்டும் அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள். “உங்க பத்திரிக அந்தக் கட்டத்துக்கு வரட்டும். அடுத்த மாசம் போட ஒண்ணும் இருக்காது இல்ல? அப்ப சொல்றேன். பழைய படத்தையே வெட்டி ஒட்டி முடிச்சுடு. வெட்டி ஒட்டத்தான் உனக்கு நல்லா வருமே.”

“வாக்கு மாறமாட்டியே?”

“நான் மாறமாட்டேன். நாக்கு மாறுமான்னு டாக்டரைக் கேளு.”

அப்போது அவள் பேச்சு நன்றாகவே இருந்தது. இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் பத்திரிகை நகரவில்லை. ஆசிரியர் சானலின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்த இளைஞர். எழுத்து என்பது இரண்டு விளம்பரங்கள் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் போடும் பஞ்சு என்று நம்பினார். மாதாமாதம் பஞ்சு குறைந்தது. படக்கதைக்கு எட்டுப் பக்கம் என்பது ஆறு ஆயிற்று, ஆறு நான்கு ஆயிற்று. இன்னொரு பக்கம் அக்காவின் பேச்சில் ‘ர’ போயிற்று. அதைத் தேடிக்கொண்டு ‘ல’வும் போயிற்று. பலூன் ஒரு மத்தியானம் மீதமிருந்த கதையையும் மீதமிருந்த எழுத்துகளையும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார். கதை நிறைய மீதமிருந்தது.

அன்று அவர் சதுப்புநிலக் கிரகத்தை ரத்து செய்தார்.

ஒரு மாதம் கேப்டன் கழுத்தளவு சேற்றில் மாட்டிக்கொண்டான். அடுத்த மாதம் சந்திரப் பாராளுமன்றத்தில் துவைத்த உடையோடு உரையாற்றினான். நடுவில் வந்திருக்க வேண்டிய அத்தியாயங்கள் பலூனின் மேஜை இழுப்பறையில் இருந்தன. ஆசிரியர் கூப்பிடுவார், திட்டுவார் என்று பலூன் காத்திருந்தார். கூப்பிட்டார்.

“பலூன், ஒரு வாசகர் எழுதியிருக்காரு பாருங்க. ‘காலத்தைத் துண்டு துண்டாக்கி வாசகனைத் தேட வைக்கும் துணிச்சல்’னு. நம்ம பத்திரிகைல துணிச்சல்னு யாரும் சொன்னதே இல்ல.”

“சரி சார்.”

“இதே மாதிரி குழப்பமா வெச்சுக்குங்க.”

பலூன் மேலிடத்து உத்தரவுப்படி நடந்தார். இரட்டைச் சூரியன் போயிற்று. கடத்தப்பட்ட விஞ்ஞானி கடத்தப்படாமலேயே மீட்கப்பட்டார். கேப்டன் ஒருத்தியைக் காதலித்தான். அடுத்த மாதம் அவள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, கேப்டனுக்கும் தெரியவில்லை. பிறகு ரோபோ வேலைநிறுத்தத்தில் கை வைத்தார்.

அதுதான் தப்பு.

அக்கா வரைந்ததிலேயே அவளுக்குப் பிடித்தது அது. கப்பலின் ரோபோக்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு, கோரிக்கை என்ன என்று கேட்டால் “எங்களுக்கே இன்னும் தெரியவில்லை, யோசிக்க நேரம் கொடுங்கள், அதுதான் கோரிக்கை” என்று சொல்லும். இதழ் வீட்டுக்கு வந்ததும் அக்கா மரத்தாங்கியில் சாய்த்து வைக்கச் சொன்னாள். பலூனின் மனைவி பக்கம் பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கம் வந்ததும் அக்கா மறுபடி முதலிலிருந்து திருப்பச் சொன்னாள்.

பலூன் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது. “யோபோ எங்கடா?”

“அடுத்த மாசம் வரும்க்கா.”

“போன மாசம் அந்தப் பொண்ணைக் காணோம். அதுக்கு முந்தி சேத்தைக் காணோம்.” ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் உருட்டி, ஓரத்துக்குக் கொண்டுவந்து, தள்ளிவிட வேண்டியிருந்தது அவளுக்கு. “ஏன்டா ஓடயே?”

“இடம் இல்லக்கா. ஆசிரியர்தான் குறைக்கச் சொல்லி—”

“பொய். உன் கன்னத்தைப் பாத்தா தெயியாதா எனக்கு? நான் வயைஞ்ச கன்னம்டா அது.”

பலூன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அது உப்பித்தான் இருந்தது.

“எனக்கு எவ்வளவு நாள்னு கணக்கு போட்டியா?”

ஊரார் வாயில் வைக்க அவரிடம் எப்போதும் சரக்கு இருக்கும். தன் வாயில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை.

“உயியோட இயுக்கயவளைத் தாண்டிக் குதிச்சு முடிவைப் போய் பிடிக்கப் பாக்கயே. நான் போயதுக்குள்ள வாங்கிடணும். அவ்வளவுதானே?” அவளுக்கு மூச்சு வாங்கிற்று. “போடா. உன்கூட டூ.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பலூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் நாளுக்கு நாலு தடவை டூ விடுவாள். அப்புறம் யாராவது ஒருவர் ரோஷத்தை விட்டு இரண்டு விரலை நீட்ட வேண்டும், மற்றவர் அதைத் தொட வேண்டும், பழம், ராசி. தலை நரைத்த அக்கா முடி கொட்டிய தம்பியோடு டூ விட்டதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நாளைக்குப் பேசுவாள் என்று நினைத்தார். பேசவில்லை. சரி, அடுத்த வாரம். அதுவும் இல்லை. அதற்குள் இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்படி என்ன கொலைக் குற்றம்? நல்லதுக்குத்தானே ஓடினேன்? காலையில் போகும்போது அறை வாசலில் நின்று “வரேன்” என்பார், பொதுவாக, மின்விசிறியிடம் சொல்வது மாதிரி. சாயங்காலம் வந்து “வந்துட்டேன்” என்று அதே மின்விசிறியிடம் சொல்வார். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். எப்பேர்ப்பட்ட பிடிவாதம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

“உன்கிட்டயாவது பேசறாளா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ம். ஏதோ பேசறாங்க” என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ‘ஏதோ’வைப் பலூன் திருப்பிப் பார்க்கவில்லை. ஆபீசில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிப்பவர்.

ஆபீசில் அவர் வேகம் மட்டும் குறையவில்லை. டூ ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம். கதை அந்தக் கட்டத்துக்கு வந்தால் அவள் சொல்லியாக வேண்டும். ரோஷக்காரிதான், வாக்கு மாறுகிறவள் இல்லை. விண்கல் மழையையும் கிழட்டுக் கிரகத்தின் உயிலையும் ஒரே மாதத்தில் முழுங்கிவிட்டு, கேப்டன் கயிற்றைக் கட்டிக்கொண்டு கப்பலுக்கு வெளியே இறங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்னும் ஒரே ஓர் அத்தியாயம். கயிறு அறுவது, துணைக் கேப்டன், பொத்தான், அதாவது.

ஆசிரியரின் அறைக்குப் போனார்.

“சார், இந்த இதழோட பழைய படக்கதை தீருது.”

“அப்பாடா.”

“ஆனா முடிவு இல்லாம நிக்குது. கூட ஒரே ஒரு பக்கம் குடுத்தீங்கன்னா அதுலயே முடிச்சுடலாம். பழைய படத்தை வெச்சே செஞ்சுடறேன்.”

“கதை?”

“முதல்ல எழுதினவங்கதான்.”

“இன்னும் இருக்காங்களா அவங்க?” ஆசிரியர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ரோந்துக் கப்பல் தானாக வரைந்துகொண்டது என்று நினைத்திருப்பார் போல. “சரி, ஒரு பக்கம் வெச்சுக்குங்க. கேப்டன் சாகக் கூடாது. அழக் கூடாது. யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது, அது பலவீனமாத் தெரியுமாம்.”

“சரி சார்.”

பலூன் மத்தியானமே அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் நின்றபடி எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். வசனமே வேண்டாம் என்று முடிவாயிற்று. நேரே முன்னறைக்குப் போனார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அக்காவின் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

“பழம்” என்றார். “கடைசிக் கட்டம் வந்தாச்சு. ஒரு பக்கமும் வாங்கிட்டேன். சொல்லு இப்ப. என்ன வழி?”

அக்கா விரலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. காற்றும் எச்சிலும் கலந்த, ஏறி இறங்குகிற, ஒரே சத்தம். அதில் ‘ர’வும் இல்லை, ‘ல’வும் இல்லை, எதுவுமே இல்லை.

“விளையாடாதக்கா” என்றார் பலூன்.

அக்கா மறுபடி அதே சத்தத்தைப் போட்டாள், கொஞ்சம் சுருக்கமாக. பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள். வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு.

“எத்தனை நாளா இப்படி?” என்று பலூன் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“கோவத்துல பேசலைன்னு நினைச்சேன்.”

“முதல்ல கோவம்தான். அப்புறம்...” மனைவி கரண்டியைப் பார்த்தாள். “எப்ப கோவம் முடிஞ்சு எப்ப இது ஆரம்பிச்சுதுன்னு எனக்கும் தெரியல. நாலஞ்சு வார்த்த வந்துகிட்டுத்தான் இருந்துச்சு. ஒருநாள் சாப்பாடு ஊட்டிக்கிட்டு இருந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. கப்பல்னு ஒரு தடவ வந்துச்சு. கதவுன்னு வந்த மாதிரி இருந்துச்சு.”

பலூன் எழுந்துவிட்டார். “என்ன சொன்னா?”

“எனக்குப் புரியல.”

“திருப்பிச் சொல்லச் சொல்லலையா?”

“சொன்னேன். திருப்பிச் சொன்னாங்க. அப்பவும் புரியல. வேர்த்துக் கொட்டுது அவங்களுக்கு. எத்தனை தடவதான் கேக்கறது? அதான்...” மனைவி குரலைத் தணித்தாள்; கேட்கக் கூடாதவள் நாலடியில் படுத்திருந்தாள், காது மட்டும் பழுதே இல்லாமல். “புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்.”

“தலையாட்டினே.”

“‘அவர்கிட்ட அப்படியே சொல்லிடறேன் அண்ணி’ன்னு சொன்னேன். அவங்க மூஞ்சியப் பாத்திருந்தா நீங்களும் ஆட்டியிருப்பீங்க. அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா தூங்கினாங்க தெரியுமா?”

பலூன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அவசரம் இல்லை, சந்தேகமும் இல்லை. சொல்லி அனுப்பிய சேதி வந்து சேரத் தாமதமாகிறதே என்று பார்க்கிற பார்வை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மனைவி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் கண்ணில் விஷயம் விளங்கியது. டாக்டர் சொன்னது சரிதான். அறிவு அப்படியே இருந்தது.

பலூன் அன்றே ஒரு பெரிய அட்டையில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி, தொழில் அது. தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அக்காவிடம் இருந்தது ஒரு விரல். அந்த விரல் ஓர் எழுத்தின் மேல் போய் நிற்காது. ஒரு தெருவின் மேல் போய் நிற்கும். ‘க’வில் ஆரம்பித்து ‘ஞு’ வழியாகச் சுற்றிவிட்டு ‘ஙௌ’வில் வந்து விழுந்தது. ஙௌ என்று தொடங்கும் சொல் தமிழில் கிடையாது. முடியும் சொல்லும் கிடையாது. வரிசை நிரம்ப வேண்டுமே என்பதற்காக இருக்கிற எழுத்து. பலூன் அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார். ஆமாம் என்றால் மூட வேண்டும், இல்லை என்றால் மூடக் கூடாது.

“கதவத் திறக்கறாளா?”

மூடினாள்.

“இல்ல, திறக்கலையா?”

மூடினாள்.

“கேப்டன் தப்பிச்சுடறானா?”

இமை படபடத்து மூடிற்று.

“செத்துடறானா?”

மூடிற்று. இமையும் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. இரு கண்ணோரத்திலும் தண்ணீர் இறங்கியது. அதுவும் நோயின் வேலையாக இருக்கலாம், அப்படியும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பலூன் அட்டையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார்.

‘நீயே ஏதாவது முடித்துவிடேன்’ என்று அவருக்குள் ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. ஆபீசில் காலியான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தார். பழைய கட்டங்களில் ஏழெட்டை வெட்டினார், வரிசைப்படுத்தினார். பலூன்களை வரைந்தார், எல்லாம் அழகான முட்டை வடிவம், கூர்மையான வால். உள்ளே எழுத ஒன்றும் இல்லை. யார் வாயிலும் எதையும் வைப்பவர்தான். அக்காவின் வாயில் வைக்கக் கை போகவில்லை.

ஆசிரியர் வந்து மேஜையோரம் நின்றார். “பலூன், ஷாம்பு வந்திருக்கு.”

“சார்?”

“ஷாம்பு விளம்பரம். பாக்கெட்டையே பக்கத்து மேல ஒட்டித் தராங்களாம், வாசகர் கிழிச்சுத் தேச்சுக்கலாம். உங்க பக்கம்தான் கடைசில தோதா இருக்கு.”

“அது முடிவு போட வெச்ச பக்கம் சார்.”

“முடிவு ரெடியா?”

பலூன் முட்டை முட்டையாக இருந்த காலி பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டார். “இல்ல.”

“ஷாம்பு ரெடி” என்றார் ஆசிரியர். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. நல்ல மனிதர். இரண்டடி போனவர் திரும்பினார். “கீழ தொடரும்னு விட்டுடாதீங்க. போன் பண்ணி உயிர எடுப்பாங்க. முற்றும்னு போட்டுடுங்க.”

பக்கம் அமைக்கும் பெண் திரையில் எட்டிப் பார்த்தாள். “பலூன் சார், ‘அதாவது’ன்னு ஒண்ணு தொங்குதே. முற்றும்னு போட்டா அது ஒட்டாது. எடுத்துடவா?”

“நானே எடுக்கறேன்” என்றார்.

முதலில் தொடருமை அழித்தார். அந்த இடத்தில் முற்றும் எழுதினார், அக்காவின் கையெழுத்து மாதிரியே, ‘ற்’றின் வளைவுகூட மாறாமல். பிறகு அதாவதுவை அழித்தார். மூன்று புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டாவது ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தார். ‘கேப்டன்! ஒரே ஒரு வழி இருக்கிறது.’ அவ்வளவுதான். நல்ல செய்தியோடு கதை முடிந்தது.

முகம் ஒட்டுவதற்காகத் தாளை எடுத்தவர், அந்தக் கட்டத்தில் அதற்குத் தேவையில்லை என்று கண்டார். கேப்டன் அவ்வளவு தூரத்தில் இருந்தான். பேனா முனையால் ஒரு தடவை குத்தியதுதான் அவன் மொத்த உருவமும். புத்தகம் முழுக்க அழிபடாமல் தப்பித்தது அந்த ஒரு புள்ளிதான்.

“இதுல அந்தப் பல்வலிக்காரன் இல்லையே சார்” என்றாள் அந்தப் பெண்.

“இருக்கான்” என்றார் பலூன். “தெரியமாட்டான்.”

இதழ் வந்தது. அதை மறைத்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் மாதத்தில் ஒருநாள் மரத்தாங்கியில் இதழ் ஏறுவது அக்காவுக்குப் பழக்கம். ஏறாவிட்டால் அதற்கும் அர்த்தம் புரிந்துவிடும். அவரே சாய்த்து வைத்தார், அவரே பக்கம் திருப்பினார். அறை முழுவதும் ஷாம்பு வாசனை. அக்கா கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். பலூன் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் துணைக் கேப்டனுக்குப் போயிற்று, அவள் தலைக்கு மேலிருந்த பேச்சு பலூனுக்குப் போயிற்று, மூலைக்கு இறங்கி முற்றுமைப் படித்தது. மறுபடி ஏறிக் காலி வானத்தில் தேடி, அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

பலூன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். இரண்டு விரலை நீட்டினார். முகத்துக்கு நேரே நீட்டவில்லை. போர்வையின் மேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் நடுங்குவதுதான். நடுங்கி வந்து அவர் விரலைத் தொட்டது. நடுங்கி விலகிப் போயிற்று. மறுபடி வந்து தொட்டது, போயிற்று. பழம், டூ, பழம், டூ. எது அவள் செய்தது, எது நோய் செய்தது என்று தெரியவில்லை. விரலை எடுக்கவும் முடியவில்லை.

“என்ன, ராசியாயிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். பழைய உற்சாகத்தைக் குரலில் ஒட்டியிருந்தாள்; ஒட்டியது தெரிந்தது.

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. இந்தத் தடவை நீளமாக வந்தது. ஓர் இடத்தில் ஏறியது, ஓர் இடத்தில் தயங்கியது, கிட்டத்தட்டச் சிரிப்பு மாதிரி ஒன்று நடுவில் வந்தது, பிறகு இறங்கி, இறங்கி, சரியான இடத்தில் நின்றது. ஆரம்பமும் நடுவும் முடிவும் உள்ள ஏதோ ஒன்று அது. எதுவும் விட்டுப்போகவில்லை. சொல்லிவிட்டு அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இடது கன்னத்தைப் பார்த்தாள்.

பலூன் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். புரிந்த மாதிரி தலையாட்டினார்.